ஊரைவிடப் பெரிய மைதானம்

1968 செப்டம்பர் 18, புதன்கிழமை. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் உள்ளூர்க் கிளப்பான வாலூரோடு ஆட, போர்ச்சுகல்லிலிருந்து பென்ஃபிகா வந்திருந்தது. ஐரோப்பியக் கோப்பை ஆட்டம். அதே ஆண்டு மே மாதம்தான் அந்தக் கோப்பையின் இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றிருந்த அணி அது. அதன் நட்சத்திர ஆட்டக்காரர் யூசேபியோவும் ஆடினார். வாலூர்க்காரர்களோ பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுப் பந்து உதைக்க வருகிறவர்கள். ஆனாலும் கோல் விழவில்லை, 0-0. லிஸ்பனில் நடந்த மறு ஆட்டத்தில் பென்ஃபிகா 8-1 என்று வட்டியும் முதலுமாக வசூலித்துக்கொண்டது வேறு கதை. என்னை நிறுத்தியது ஸ்கோர் அல்ல. அன்று மைதானத்தில் இருந்தவர்கள் 18,243 பேர். ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகையே அப்போது ஏறக்குறைய 2 லட்சம்.

வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்பது பேர். கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் பெரியவர், தீவின் மறுகோடியில் மீன் பதப்படுத்திக்கொண்டிருந்த பெண் எல்லாரும் சேர்ந்ததுதான் இந்த நூறு. 2011 கணக்குப்படி 7.21 கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டில் இதே விகிதத்தில் கூட்டம் சேர வேண்டுமென்றால், 65 லட்சம் பேர் ஒரே ஆட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும்.

நான் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றாயிற்று. ஆனால் பேப்பரில் ஒரு எண்ணைக் கண்டால் உடனே அதை இன்னொன்றால் வகுத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர்ப் பக்கம். இங்கே ஒரு பையன் கிரிக்கெட் மட்டையோடு போனால் ‘யார் வீட்டுக்கு விருந்து வந்திருக்கிறாய்’ என்று கேட்பார்கள். மணலில் நடக்கத் தொடங்கிய நாள்முதல் கால்பந்துதான். அதனால் டீக்கடையில் ‘உலகத்திலேயே பெரிய கூட்டம் எது’ என்ற தர்க்கம் ஓயாது. பையன்கள் தொகையைச் சொல்வார்கள்: ஒரு லட்சம், ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம். “எத்தனை பேர் உள்ள ஊரிலே?” என்று நான் கேட்பேன். வெறுப்பேற்றுகிற கேள்வி என்று எனக்கும் தெரியும்.

“கல்கத்தா சாரே” என்று ஒருவன் தொடங்குவான். அவன் சொல்வது பெரிய கூட்டம்தான். 1997 ஜூலை 13, சால்ட் லேக் ஸ்டேடியம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டு, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. வந்தவர்கள் 1,31,781 பேர் என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் ஹூக்ளியின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் பெருநகரக் கொல்கத்தாவில் அப்போதே ஒரு கோடிக்கு மேல் ஜனம். ஆக, நூற்றுக்கு ஒருவர். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் 45 லட்சத்தை ஒட்டி வரும். விடை நூற்றுக்கு மூன்றாகிவிடும். இதில் வேடிக்கை, சால்ட் லேக் ஸ்டேடியம் கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை, பிதான்நகரில் இருக்கிறது.

அதே கொல்கத்தாவில் 1911 ஜூலை 29 அன்று நடந்த ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம் எனக்கு இன்னும் பிடிக்கும். ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான், பூட்ஸ் போட்ட ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் அணியை 2-1 என்று வென்ற நாள். அறுபதாயிரம் முதல் எண்பதாயிரம் பேர்வரை வந்ததாகச் சொல்கிறார்கள். நகரத்தின் மக்கள்தொகை அப்போது பத்து லட்சத்தை ஒட்டி. அப்படியானால் நூற்றுக்கு ஆறு முதல் எட்டுவரை. 1997 ஆட்டமெல்லாம் பக்கத்திலேயே வராது. ஆனால் அன்று வந்தவர்கள் எல்லாரும் நகரத்துக்காரர்களா? சிறப்பு ரயில் விட்டார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டமே தெரியாததால், ஸ்கோரைச் சொல்லப் பட்டம் பறக்கவிட்டதாகக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள். வங்காளம் முழுவதும் வந்து நின்ற கூட்டத்தைக் கொல்கத்தாவால் மட்டும் வகுத்தால் அது கணக்காகாது.

மரக்கானா கதையும் இதே வகைதான். 1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோ, பிரேசிலும் உருகுவேயும். டிக்கெட் வாங்கியவர்கள் 1,73,850 பேர். உள்ளே இருந்தவர்கள் இரண்டு லட்சம் இருக்கும் என்று மதிப்பீடு. ரியோவின் மக்கள்தொகை அப்போது 24 லட்சத்தை ஒட்டி. நூற்றுக்கு ஏழு, எட்டு பேர் ஒரே கட்டடத்துக்குள். ஜெயித்த உருகுவே நாட்டில் மொத்தமே இருபத்திரண்டு லட்சம் பேர்தான் அப்போது.

இவையெல்லாம் திருவிழாக் கூட்டங்கள். தேரோட்டத்தன்று வந்த ஜனத்தைப் பார்த்து அந்தக் கோயிலுக்கு அன்றாடம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. மழை பெய்கிற ஒரு சாதாரணச் சனிக்கிழமையில், பட்டியலில் எட்டாம் இடத்தில் இருக்கும் அணி ஒன்பதாம் இடத்து அணியோடு ஆடும்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் நான் ஏற்கும் கணக்கு. அந்தக் கணக்கில், குட்டித் தீவுகளைத் தள்ளிவைத்தால், ஐரோப்பாவில் ஸ்காட்லாந்தை மிஞ்ச ஆளில்லை.

2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் 54 லட்சத்துச் சொச்சம் பேர். முதல் டிவிஷனில் 12 கிளப்புகள். ஒரு சுற்றுக்கு ஆறு ஆட்டம். கிளாஸ்கோவின் செல்டிக் மைதானம் 60,000 பேர் கொள்ளும், ஏறத்தாழ நிறைந்துவிடும். ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் 51,000 கொள்ளும்; அதுவும் அப்படியே. எடின்பரோவின் இரண்டு கிளப்புகளும் அபர்தீனும் பதினைந்து முதல் இருபதாயிரத்துக்குள். மற்றவை சில ஆயிரம். எல்லாம் சேர்த்துச் சராசரி ஆட்டத்துக்குப் பதினாறாயிரத்தை ஒட்டி வரும். ஆறு ஆட்டத்துக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் பேருக்குப் பதினெட்டுப் பேர்.

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் சராசரி முப்பத்தொன்பதாயிரம் இருக்கும், பத்து ஆட்டம், ஐந்தரைக் கோடிக்கு மேல் ஜனம். ஆயிரத்துக்கு ஏழு பேர். ஜெர்மனியில் ஆட்டத்துக்கு நாற்பதாயிரம், ஒன்பது ஆட்டம், எட்டேகால் கோடி ஜனம். ஆயிரத்துக்கு நாலேகாலை ஒட்டி. தொலைக்காட்சியில் நாம் வாயைப் பிளந்து பார்க்கும் லீக்குகள் இவை.

இதைச் சொன்னதும் டீக்கடையில் ஒருவன் மறித்தான். “சாரே, இங்கிலாந்திலே நாலு டிவிஷன் இருக்கு. கீழ இருக்கிறதையும் சேர்த்துல்லா எண்ணணும்?” கெட்டிக்காரன். சேர்த்தேன். 92 கிளப்புகளையும் போட்டால் இங்கிலாந்து ஆயிரத்துக்குப் பதினைந்தை ஒட்டி வருகிறது. இதில் கார்டிஃப், ஸ்வான்சி போன்ற வேல்ஸ் ஊர்களின் கிளப்புகளும் கலந்திருக்கின்றன. வேல்ஸ் ஜனத்தைக் கீழே, வகுக்கும் எண்ணில் சேர்க்காமல், அவர்கள் கூட்டத்தை மேலே மட்டும் சேர்ப்பது கள்ளக்கணக்கு. ஸ்காட்லாந்தின் 42 கிளப்புகளையும் இதேபோல் போட்டால் இருபதைத் தாண்டிவிடுகிறது.

ஏன் ஸ்காட்லாந்து? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிளாஸ்கோ கப்பல் கட்டுகிற ஊர். பட்டறைகளில் சனிக்கிழமை மதியம் சங்கு ஊதியதோடு வேலை முடிந்துவிடும். பல்லாயிரம் ஆண்களுக்கு ஒரே நேரத்தில் ஓய்வு, கையில் வாரக்கூலி, ஊரெங்கும் டிராமும் ரயிலும். ஆட்டம் தொடங்குகிற மூன்று மணி அந்தச் சங்கோடு சேர்ந்து வந்ததுதான். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் ஏழைகளுக்குச் சோறுபோடப் பணம் திரட்டவென்று, வால்ஃபிரிட் என்ற துறவறச் சகோதரர் 1887-இல் செல்டிக் கிளப்பைத் தொடங்கினார். ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டண்டுகளின் அணியாயிற்று. எந்தப் பக்கம் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடுகிற ஊரில் மைதானம் காலியாகக் கிடக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்தின் மிகப் பெரிய மூன்று கால்பந்து மைதானங்களும் அந்த ஒரே ஊரில் இருந்தன: ஹேம்ப்டன், ஐப்ராக்ஸ், செல்டிக்.

அந்த ஹேம்ப்டனில் 1937 ஏப்ரல் 17 அன்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. ஸ்காட்லாந்து 3-1 என்று வென்றது. 1,49,000-க்கும் மேற்பட்டவர்கள். அடுத்த சனிக்கிழமையே அதே இடத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம், செல்டிக்கும் அபர்தீனும். அதற்கும் 1,46,000-க்கு மேல். அன்றைய ஸ்காட்லாந்தின் ஜனம் ஐம்பது லட்சத்தை ஒட்டி. நூற்றுக்கு மூன்று. ஆனால் அந்தக் காலக் கூட்டத்தில் பெண்கள் அரிது. வயதுவந்த ஆண்களை மட்டும் கீழே போட்டால், இங்கிலாந்திலிருந்து வந்தவர்களைக் கழிக்காமல், நாட்டின் பதினோரு ஆண்களில் ஒருவர் அந்த மதியம் ஒரே மைதானத்தில் நின்றிருக்கிறார். போதாததற்கு எண்ணிக்கைக்கே வராதவர்கள் உண்டு. வாசலில் சுழலும் இரும்புக் கதவு ஒருமுறை சுற்றினால் ஓர் ஆள் என்று கணக்கு. சின்னப் பையன்கள் வெளியே நின்று, முன்பின் தெரியாத பெரியவர்களிடம் ‘என்னைத் தூக்கி விடுங்கள்’ என்று கேட்பார்கள். அவர்களும் தூக்கிக் கதவுக்கு மேலாக உள்ளே இறக்கிவிடுவார்கள். கதவு ஒருமுறைதான் சுற்றியிருக்கும். போனது இரண்டு பேர். ஸ்காட்லாந்தில் தலைமுறை தலைமுறையாக இது வழக்கமாக இருந்தது. வாயில்காப்போரும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். ஐப்ராக்ஸில் 1902-இல் மரப்பலகைக் கேலரி உடைந்து 25 பேர் செத்தார்கள். 1971 ஜனவரி 2 அன்று அதே மைதானத்தில், ஆட்டம் முடிந்து இறங்கும்போது 13-ஆம் எண் படிக்கட்டில் நெரிபட்டு 66 பேர். பிறகு 1975-இல் மைதானப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது. 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவில் நெரிசல், 97 உயிர்கள். அதற்குப் பின் பெரிய கிளப்புகள் நின்று பார்க்கும் மேடைகளையெல்லாம் எடுத்துவிட்டு நாற்காலி போட்டன. இன்றைய ஹேம்ப்டன் ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான். 1937-இன் எண்ணை இனி ஸ்காட்லாந்து முழுவதும் திரண்டு வந்தாலும் தொட முடியாது. பழைய விகிதத்தையும் இன்றைய விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஜனங்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் இந்த நாற்காலிகளை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்காட்லாந்தின் எண்ணிலும் ஒழுக்கு உண்டு. செல்டிக் ஆடுகிற நாள்களில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி, பஸ் பிடித்து வருகிற ரசிகர்கள் ஏராளம். அவர்கள் மேலே சேர்கிறார்கள், கீழே இல்லை.

என் பழைய மாணவன் ஒருவன் அபர்தீனில் கடல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்கிறவர்களோடு டிங்வால் என்ற ஊருக்கு ஆட்டம் பார்க்கப் போனதைப் போனில் சொன்னான். டிங்வால், வடக்கே இன்வர்னஸையும் தாண்டி மலைநாட்டில் இருக்கிறது. ஜனம் ஐயாயிரத்துச் சொச்சம். அங்கே ராஸ் கவுண்டி என்ற கிளப். மைதானம் 6,500 பேர் கொள்ளும். ஊர் மொத்தமும் பூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும் இடம் மிச்சம். “சாரே, ஸ்டேஷன்ல இறங்கினா மைதானம் தெரியுது. ஊரு எங்கேன்னு கேட்டேன், இதுதான் ஊருன்னு சொன்னாங்க” என்றான். இடைவேளையில் எல்லாரும் ஒரே திசையில் நகர்ந்தார்களாம். ஆட்டுக்கறியைக் கொத்தி அடைத்த, உள்ளங்கை அளவுள்ள ‘பை’ என்ற பண்டத்துக்கும், போவ்ரில் என்கிற மாட்டுச்சாற்றுக்கும் வரிசை. சாராயம் கிடையாது. 1980 கோப்பை இறுதியில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி அடித்துக்கொண்டதிலிருந்து ஸ்காட்லாந்து மைதானங்களில் குடிக்குத் தடை. “கையில கிளவுஸ் போட்டுக்கிட்டு அந்தப் பைய சாப்பிடவே முடியல, கழற்றினா விரல் விறைச்சுப் போகுது” என்று அவன் பட்ட பாட்டைச் சொல்லிச் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எந்த ஊர் என்று கேட்டேன். டிங்வால் இல்லை, இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தவராம்.

அதுதான் நான் எதிர்பார்த்த பதில். ராஸ் கவுண்டி என்ற பெயரிலேயே ஊர் இல்லை, மாவட்டம் இருக்கிறது. பரந்த மலைநாட்டுக்கே அந்த மைதானம். டிங்வாலின் ஐயாயிரத்தால் வகுத்து ‘ஊரில் பாதிப்பேர் வருகிறார்கள்’ என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் பாதிப்பேர் வரவில்லை.

இதே தந்திரம் இன்னும் பெரிய அளவில் நடக்கிற இடம் பிரான்சின் வடக்கே உள்ள லான்ஸ். நகராட்சியின் ஜனம் 32,000-ஐ ஒட்டி. பொல்லார்-தெலெலி என்ற மைதானத்தில் 38,000 பேர் உட்காரலாம். சமீப ஆண்டுகளில் முதல் டிவிஷனில் ஆடும்போது அது அநேகமாக நிறைகிறது. நூற்றுக்கு நூற்றுப்பதினைந்து பேர் வருகிறார்கள் என்று விடை வந்தால், கணக்கு வாத்தியார் சிவப்பு மையைத்தான் எடுப்பான்.

லான்ஸ் நிலக்கரி ஊர். ஒரு ஊர் என்பதைவிட, சுரங்கம் சுரங்கமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளும் செங்கல் வரிசை வீடுகளின் தொடர் என்பது சரி. எங்கே லான்ஸ் முடிந்து அடுத்த ஊர் தொடங்குகிறது என்பது நகராட்சிப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் தொடர் முழுவதையும் எண்ணினால் சில லட்சம் பேர். போலந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் அங்கே ஏராளம். லான்ஸுக்குப் பக்கத்தில் கூரியேர் சுரங்கத்தில் 1906-இல் நடந்த வெடிப்பில் 1,099 பேர் செத்தார்கள். ஐரோப்பாவின் மிக மோசமான சுரங்க விபத்து அது. 1930-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் தொழில் படுத்தபோது, வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டே சுரங்கக் கம்பெனி இந்த மைதானத்தைக் கட்டியது. 1933-இல் திறந்தார்கள். பொல்லார் என்பது கம்பெனி நிர்வாகியின் பெயர். கொஞ்ச காலத்தில் கிளப்பையே கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆட்டக்காரர்களுக்குச் சுரங்கத்தில் வேலை, சம்பளமும் அங்கேயே. தொழிலாளி நிலத்துக்கு அடியில் யாரோடு வேலை பார்த்தானோ, ஞாயிற்றுக்கிழமை அவன் ஆடுவதைத்தான் மேலே பார்த்தான்.

நிலக்கரி படிப்படியாக முடிந்தது. 1969-இல் சுரங்க நிர்வாகம் கிளப்பைக் கைகழுவியது. மேயர் அந்திரே தெலெலி நகராட்சியைக் கொண்டு தாங்கிப்பிடித்தார். அதனால்தான் மைதானத்தின் பெயரில் இரண்டாவது பாதி. 1990 டிசம்பரில் அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. பழைய சுரங்கம் ஒன்றின் நிலத்தில் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கிளை நிற்கிறது, 2012-இல் திறந்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டாம் பாதி தொடங்கும்போது, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய பியேர் பாஷ்லேயின் ‘லே கோரோன்’ பாட்டை மைதானம் முழுவதும் எழுந்து பாடுகிறது. பாடுகிறவர்களில் சுரங்கத்துக்குள் இறங்கியவர் இனி அதிகம் இருக்க மாட்டார். பாட்டனார் இறங்கியிருப்பார்.

லான்ஸ் 1998-இல் பிரெஞ்சு சாம்பியன். 2015-இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, 2020 வரை அங்கேயே கிடந்தது. அந்த ஆண்டுகளிலும் ஒரு சீசனில் சராசரிக் கூட்டம் 25,000-ஐத் தாண்டியிருக்கிறது. பல நாடுகளின் முதல் டிவிஷன் கிளப்புகள் கனவில்கூடக் காணாத எண். என்னைக் கேட்டால், லான்ஸின் பெருமை அந்த நூற்றுப்பதினைந்தில் இல்லை. அது எல்லைக்கோடு செய்த மாயம். தோற்று இறங்கிய பிறகும் வந்த இருபத்தைந்தாயிரத்தில் இருக்கிறது.

தள்ளிவைத்த குட்டித் தீவுகளையும் பார்த்துவிடுவோம். டென்மார்க்கின் ஆளுகைக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகளில் மொத்தமே 54,000 பேர். முதல் டிவிஷனில் பத்துக் கிளப்புகள். ஒரு சுற்றுக்கு ஐந்து ஆட்டம். ஆட்டத்துக்கு வெறும் ஐந்நூறு பேர் வருவதாக வைத்தாலும், ஆயிரத்துக்கு நாற்பத்தாறு ஆகிவிடுகிறது. ஸ்காட்லாந்து பக்கத்தில் வர முடியாது. ஆனால் அந்த ஐந்நூறில் பாதிப்பேர் ஆடுகிறவனின் அண்ணன், மாமன், கூடப் படித்தவன். 1990-இல் இவர்கள் ஆஸ்திரியாவை 1-0 என்று வீழ்த்தினார்கள். கோல் காத்தவர் தலையில் குஞ்சம் வைத்த கம்பளிக் குல்லா. அந்த ‘உள்ளூர்’ ஆட்டத்தைச் சுவீடனில் போய்த்தான் ஆட வேண்டியிருந்தது. சர்வதேச ஆட்டத்துக்கு ஏற்ற புல்தரை தீவில் அப்போது இல்லை. பிறகு தோஃப்தீர் என்ற கிராமத்தில் மைதானத்தைத் தயார்செய்தார்கள். 6,000 பேர் கொள்ளும். கிராமத்தில் இருப்பவர்கள் 800 பேரை ஒட்டி.

இன்னொரு சங்கதி, மேலே போடும் எண்ணைப் பற்றியது. 2016 யூரோ கோப்பைக்கு ஐஸ்லாந்து தகுதி பெற்றபோது, அந்நாட்டு ஜனம் சுமார் 3.3 லட்சம். ஏறக்குறைய 27,000 டிக்கெட்டுகளுக்கு விண்ணப்பம் போனது. நாட்டில் நூற்றுக்கு எட்டுப் பேர் பிரான்சுக்குப் புறப்பட்டார்கள் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. டிக்கெட் என்பது ஆள் இல்லை. மூன்று ஆட்டம் பார்த்தவர் மூன்று டிக்கெட். கிளப் ஆட்டங்களிலும் இதே குழப்பம்தான். செல்டிக் மைதானத்தில் ஒரு சீசனில் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள் என்றால், அறுபதாயிரம் பேர் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்று அர்த்தம். அதிலும் ஒரு சூது. சீசன் டிக்கெட் வாங்கியவர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாலும், வந்ததாகவே பல கிளப்புகள் அறிவிக்கின்றன. விற்ற டிக்கெட்டுதான் அவர்களுக்கு வருகை. காலி நாற்காலிகள் தொலைக்காட்சியில் தெரியும், அறிவிப்பில் தெரியாது.

1968-இன் அந்த 18,243 ரெய்க்யவிக்கில் முப்பத்தாறு ஆண்டுகள் சாதனையாக நின்றது. 2004 ஆகஸ்ட் 18 அன்று இத்தாலி வந்து ஒரு நட்பு ஆட்டம் ஆடியபோது 20,204 பேர் கூடினார்கள். மார்செல்லோ லிப்பி இத்தாலியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பின் நடந்த முதல் ஆட்டம். 0-2 என்று தோற்றார். இரண்டே ஆண்டில் அதே லிப்பி உலகக் கோப்பையைத் தூக்கினார். தொகை பழைய சாதனையை மிஞ்சியது. ஆனால் ஜனம் இதற்குள் 2.9 லட்சம் ஆகியிருந்தது. நூற்றுக்கு ஏழு. நாட்டு அணியின் ஆட்டம், உலகமறிந்த எதிரணி, புதிய சாதனை எல்லாம் சரி. என் கணக்கில் 1968-தான் பெரிய கூட்டம்.

கீழே போடும் எண்ணில் எனக்கு இத்தனை பிடிவாதம் வந்தது கால்பந்தால் அல்ல. 2011-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்கள் கடற்கரையில் வீடு வீடாகப் போனேன். பிப்ரவரி 9 முதல் 28 வரை அந்த வீட்டில் ஒருநாளாவது தங்கியவரைத்தான் அங்கே எழுதலாம். அத்தனை நாளும் வராதவரை எழுதக் கூடாது என்பது விதி. எங்கள் ஊர் ஆண்கள் கொச்சியிலிருந்து படகேறி, ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா கணவர் பெயரையும் இரண்டு மகன்களின் பெயரையும் சொன்னார். எப்போது போனார்கள் என்றேன். ஜனவரி கடைசியில். எப்போது வருவார்கள்? “மீன் பட்டா வருவாங்க.” எழுத முடியாது என்றேன். “அப்போ இந்த வீடு யாருக்கு சாரே?” என்று கேட்டுவிட்டு, என் கையிலிருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கயிற்றுக்கொடியில் மூன்று ஆண்களின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மாதம் பிறப்பதற்குள் கரை திரும்பினால் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி, அந்த வரிகளைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அதே ஆண்கள் ஈஸ்டருக்குக் கரை திரும்புவார்கள். ஊரில் டோர்னமெண்ட் அப்போதுதான். டிக்கெட் கிடையாது, இரும்புக் கதவு கிடையாது. மதில்மேல், மொட்டைமாடியில், கவிழ்த்த வள்ளத்தின் மேலெல்லாம் ஆள். போன தடவை பையன்கள் ஃபிளெக்ஸ் பேனருக்கு வாசகம் எழுதி, பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ‘பத்தாயிரம் ரசிகர்கள் திரளும்’ என்று ஒரு வரி இருந்தது.

“பங்குக் கோயில் கணக்கிலேயே அத்தனை ஆள் இல்லையேடே” என்றேன்.

“பக்கத்து ஊர் ஆளுங்களும் வருவாங்கல்லா சாரே” என்றான் ஒருவன்.

லான்ஸுக்கு நான் சொன்ன அதே விளக்கம். பேனாவை மூடி, தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.